சந்தனம் ஒட்டாத சக்கரம்

புதுசா சைக்கிள் கடை போட்டு, சைக்கிள மாட்டி சுத்திவிடுற ஸ்டாண்டு வாங்கிட்டீங்க, தம்பிங்களா. கறுப்பு ஏப்ரன் தெச்சிட்டீங்க. சுவத்துல சைஸ் வாரியா ஸ்பேனர் தொங்குது. பாக்க ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு, ரொம்ப சந்தோஷம். இவ்ளோவும் செஞ்சிட்டு நாலு பேரும் என் வீட்டு வாசல்ல வந்து நின்னுகினு, “பாய், டைட்டான ரேஸ் டயர எப்படி மாட்டுறது, கொஞ்சம் சொல்லுங்க”னு கேக்குறீங்க. கேக்குறதுக்கு முன்னாடி என் கட்டவெரலப் பாத்தீங்களா? ரெண்டும் மடங்காது. சட்ட பட்டன கூட வீட்ல தான் போட்டுவிடுறாங்க. எனக்கு யாரும் பிரிவு உபசார விழா எடுக்கல, இந்தக் கட்டவெரல் ரெண்டும் சேந்து எடுத்துடிச்சி.

டயர் மாட்டுறது எப்படினு உங்க போன்லயே ஆயிரம் பேரு காட்டுறான். நானும் பாத்தேன். அதுல ஒருத்தன் கூட டீக்கடை எதுர்ல உக்காந்து மாட்டல. தனி ரூமு, நல்ல லைட்டு, பின்னாடி பாட்டு வேற. ஆளில்லாத எடத்துல எவனுக்கும் டயர் ஏறும்ப்பா. பத்து பேரு சுத்தி நின்னு வேடிக்க பாக்குறப்ப, அதுல மூணு பேரு யோசனை சொல்றப்ப, சைக்கிள்காரரு நிமிஷத்துக்கு ஒரு தரம் வாட்ச்ச பாக்குறப்ப மாட்டணும். தப்பு அங்க தான் நடக்கும். அப்படி நான் பண்ண ஒரு தப்புல ஒரு பல் டாக்டரோட கழுத்து போக இருந்துச்சி. அதத் தான் சொல்லப் போறேன். ஸ்பேனர் சைஸெல்லாம் நீங்களே பாத்துக்குவீங்க.

என் கடை செங்கம் ரோட்ல, ஆசிரமத்தத் தாண்டி, ஏழுமலையோட டீக்கடைக்கு நேர் எதுர்ல இருந்துச்சி. ஆரம்பத்துல வாடகை சைக்கிள் தான். வெள்ளக்காரங்க வெள்ள வேட்டி கட்டிகினு வருவாங்க. அதுல பாதி பேரு மவுன விரதம். பங்க்சர்னா கையால காட்டுவாங்க, செயின் கழண்டா கையால காட்டுவாங்க. வாடகைய சொன்ன ஒடனே மட்டும் விரதம் கலைஞ்சி, பேரம் நல்லா பேசுவாங்க. நமக்கும் மவுனம் பழகிப் போச்சி.

அப்புறம் வந்தாங்க நம்ம ஊரு ரேஸ் சைக்கிள்காரங்க. வக்கீலு, ஆடிட்டரு, டாக்டரு, ரியல் எஸ்டேட்டு. எல்லாருக்கும் சுகரு. நடங்கன்னு சொன்னா நடக்க வெக்கப்பட்டுகினு, மோட்டார் சைக்கிள் வெலைக்கு மிதிக்கிற சைக்கிள வாங்குனாங்க. ஒருத்தரு, சைக்கிள் எடை இன்னும் கம்மியாவணும், ஸ்டாண்டக் கழட்டுங்க, பெல்லக் கழட்டுங்கன்னு சொன்னாரு. அவரு தொப்பை மட்டும் பத்து கிலோ ஜாஸ்தி. சொன்னதெல்லாம் கழட்டிக் குடுத்தேன். அந்தத் தொப்பை தான நமக்கு சோறு போடுது?

அந்த சைக்கிளுக்கு டயரு சுண்டுவெரல் பருமன். ஓரத்துல கெட்டியா ஒரு விளிம்பு ஓடும். அந்த விளிம்பு சுத்திலும் ரிம்முக்குள்ள எறங்குனாத் தான் டயர் நிக்கும். முக்கால்வாசி தானா எறங்கிடும், கடைசி ஒரு ஜாண் மட்டும் பிடிவாதம் பிடிக்கும். அங்க ஸ்க்ரூ டிரைவர விட்டு நெம்புனா உள்ள இருக்குற டியூப்பக் கடிச்சி வெச்சிடும். அதனால நான் நெம்புகோலே தொட மாட்டேன், எல்லாம் கட்டவெரல் தான். அதுல எனக்கு அவ்ளோ திமிரு. ‘எந்த டயரும் கையாலேயே மாட்டித் தரப்படும்’னு பெயின்ட்டர கூட்டினு வந்து போர்டே எழுதிட்டேன். போர்டு எழுதுறது சுலபம்ப்பா. எழுதிட்டா அப்புறம் அந்த போர்டுக்கு நாம வேலைக்காரன்.

அந்தப் பல் டாக்டர் தான் சைக்கிள் கிளப்புக்குத் தலைவரு. நல்ல மனுஷன், ஏழைங்ககிட்ட காசு வாங்காம பல்லு புடுங்குவாரு. ஒரே ஒரு கொறை, கேமரா. எங்க கேமரா இருந்தாலும் அவரு முப்பத்திரண்டு பல்லும் வெளிய வந்துடும். ஒரு ஞாயித்துக்கெழம காலையில வேங்கிக்கால்ல ஒரு மைதானத்துல ஆரம்பிச்சி மலையச் சுத்தி வர்றதா சைக்கிள் பேரணி வெச்சாரு. சர்க்கரைய வெரட்டுறதுக்காம். மொத நாள் சாயங்காலம் சைக்கிள கார் பின்னாடி கட்டி எடுத்துகினு கடைக்கு வந்தாரு. கையில ரெண்டு புது டயரு, ஒரு அழைப்பிதழு.

“பாய், ரெண்டு டயரும் மாத்திக் குடுத்துடுங்க. நாளைக்கு நான் தான் முன்னாடி போறேன். அப்புறம் இத படிச்சிப் பாருங்க.”

படிச்சேன். ‘சிறப்பு செய்யப்படுபவர்’னு போட்டு கீழ என் பேரு. பொன்னாடை போத்தி ஷீல்டு குடுக்கறாங்களாம். எனக்கு கண்ணே தண்ணி கட்டிடிச்சி. பின்னாடி வீட்ல இருந்த என் சம்சாரம் மெஹருன கூப்ட்டு காட்டுனேன். “நல்லா இருக்கு, எடுத்து வைங்க”ன்னா. நான் எடுத்து வெக்கல. டீக்கடைக்கு எடுத்துகினு போயி ஏழுமலைகிட்ட காட்டுனேன், டீ குடிக்க வந்தவன்கிட்ட எல்லாம் காட்டுனேன். அதனால இன்னா ஆச்சி, நான் டயர் மாட்ட உக்காந்தப்ப ஊரே வந்து சுத்தி நின்னுச்சி.

டயர் ஏறல. அர மணி நேரம் தள்ளுறேன், கடைசி ஒரு ஜாண் அசையவே இல்ல. கட்டவெரல் தோலு உரிஞ்சி போச்சி. ஆட்டோக்காரன் ஒருத்தன், “பாய், கல்ல எடுத்து ஒரு தட்டு தட்டு”ன்னான். மவுன விரதக்கார அம்மா ஒண்ணு என் மூக்க காட்டி, மூச்ச கவனினு ஜாடை காட்டுச்சி. டீ குடிக்க வந்த சாமியாரு கிட்ட வந்து குனிஞ்சி, “விட்டுடுப்பா, தானா நடக்கும்”னாரு. சரின்னு விட்டேன். ஏறுன அளவும் கழண்டு வந்துடிச்சி.

ஏழுமலை போர்ட பாத்தான், என்ன பாத்தான். “இன்னா பாய், போர்டுக்கு ஒரு துணி போட்டு மூடட்டா?” எல்லாரும் சிரிச்சாங்க. டாக்டரும் சிரிச்சாரு, வாட்ச்சையும் பாத்தாரு. தம்பிங்களா, அந்த சிரிப்பு இருக்கே, அது தான் என்ன கெடுத்துச்சி. அந்த நேரத்துல எனக்கு டயரும் தெரியல, டாக்டரும் தெரியல. இந்த ஏழுமலை வாய அடைக்கணும், அவ்ளோ தான் தெரிஞ்சிது.

நம்ம ஊர்ல எந்தக் கடைக்குப் போனாலும் வாசல்ல ஒரு தட்டுல அகல் விளக்கு, கற்பூரம், எண்ணெ பாக்கெட் வெச்சிருப்பாங்க. ஏழுமலை டீக்கடையிலயும் இருந்துச்சி. “டேய், அந்த விளக்கெண்ண வாயிலயே பேசாத, அந்த எண்ணெ பாக்கெட்ட எடு”ன்னேன். பழைய சைக்கிள் காலத்துல முரண்டு பிடிக்கிற டயருக்கு ஓரத்துல கொஞ்சம் எண்ணெ தடவி ஏத்துறது என் பழக்கம். பாக்கெட்ட பல்லால கடிச்சி, டயர் ஓரம் பூரா வழிச்சி விட்டேன். வெண்ண மாதிரி ‘லபக்’னு எறங்கிச்சி. ரெண்டாவது டயர் அத விட சுருக்கா. ஜனங்க கை தட்டுனாங்க, ஏழுமலை ஓசி டீ குடுத்தான். அவன் கடை தொறந்த நாள்லேர்ந்து குடுத்த ஒரே ஓசி டீ அது தான். பழந்துணியால ரெண்டு சுத்து தொடச்சி, காத்து அடிச்சி குடுத்தேன். டாக்டர் ஓட்டிப் பாக்கல, அப்படியே கார் பின்னாடி கட்டினு போயிட்டாரு. நானும் ஓட்டிப் பாருங்கனு சொல்லல.

மறுநாள் காலையில மைதானத்துல பெரிய பேனரு. அதுல மலை சின்னதா இருக்கு, டாக்டர் பெருசா இருக்காரு. சர்க்கரைய வெரட்ட வந்தவங்க எல்லாருக்கும் மொதல்ல கேசரி குடுத்தாங்க. மைக்க டிரில் வாத்தியார் ஒருத்தர் புடிச்சிகினு வுடவே இல்ல. டாக்டரோட சைக்கிள மேடைக்கு முன்னாடி நிக்க வெச்சி, மாலை போட்டு, ரெண்டு சக்கரத்துக்கும் கீழ எலுமிச்சம்பழம் வெச்சாங்க. கார் சக்கரத்துக்கு சரி, சுண்டுவெரல் டயருக்கு எலுமிச்சம்பழம் வெச்சா சைக்கிளே சாயுது. ரெண்டு பேரு புடிச்சிகினு நின்னாங்க. நான் வெள்ள சட்ட போட்டுகினு மேடை ஓரம் பிளாஸ்டிக் சேர்ல உக்காந்து, மனசுக்குள்ள நன்றி பேச்சு தயார் பண்ணிகினு இருந்தேன்.

டாக்டரோட சம்சாரம், டாக்டரம்மா, சந்தனக் கிண்ணத்தோட வந்தாங்க. ஹேண்டில் பார்ல வெச்சாங்க, நின்னுச்சி. சீட்டுல வெச்சாங்க, நின்னுச்சி. முன் சக்கரத்துல ரிம்மு மேல வெச்சாங்க, வழுக்கி கீழ விழுந்துச்சி. மறுபடி வெச்சாங்க, மறுபடி விழுந்துச்சி.

“இன்னா பாய் இது? சந்தனம் ஒட்டவே மாட்டேங்குது?”

சிரிச்சிகினே தான் கேட்டாங்க. எனக்கு நன்றி பேச்சு பூரா மறந்து போச்சி.

ஏன்னு சொல்றேன், இத மட்டும் மனசுல ஏத்திக்குங்க. பழைய சைக்கிள்ல பிரேக் கட்டை ரிம்மோட உள் பக்கத்த, கம்பி சொருகியிருக்கிற பக்கத்தப் போயி பிடிக்கும். டயர் ஓரத்துல எண்ணெ பட்டா அதுக்கு ஒண்ணும் ஆவாது. டாக்டரோட சைக்கிள் அப்படி இல்ல. இப்ப மாதிரி டிஸ்க் பிரேக்கும் இல்ல. டயருக்கு ஒட்டினாப்ல ரிம்மோட ரெண்டு கன்னத்தையும் இடுக்கிப் பிடிக்கிற பிரேக்கு. நான் எண்ணெ வழிச்சது அந்தக் கன்னத்துல. துணியால தொடச்சேன், ஆனா டயருக்கும் ரிம்முக்கும் நடுவுல நின்ன எண்ணெ ராத்திரி பூரா கசிஞ்சி வெளிய வந்திருக்கு. முப்பது வருஷம் சரியா இருந்த பழக்கம், வேற சைக்கிள்னு யோசிக்காம கையி தானா போயி செஞ்சிடிச்சி. ரெண்டு சக்கரத்துலயும் பிரேக் கிடையாது. அவரு தான் முன்னாடி போறவரு. போற வழியில ஒரு எறக்கம், எறக்கம் முடியிற எடத்துல கிரிவலம் போறவங்க செருப்பில்லாம குழந்தைங்களோட நடந்து வர்றாங்க.

இப்ப நான் ஒடனே எழுந்து ஓடியிருப்பேன்னு நெனைக்கிறீங்க. அட போங்கப்பா. உக்காந்த எடத்துலயே உக்காந்திருந்தேன். டாக்டர் மெதுவா தான போவாரு, ஒண்ணும் ஆவாதுனு நெனச்சேன். கால ஊனி நிறுத்திக்குவாருனு நெனச்சேன். சால்வையப் போத்தட்டும், அப்புறமா தனியா கூப்ட்டு சொல்லிக்கலாம்னும் நெனச்சேன். அல்லா மேல சத்தியமா சொல்றேன், அந்த ரெண்டு நிமிஷத்துல எனக்கு ஒரு மனுஷன் உசுர விட ஒரு சால்வை பெருசா தெரிஞ்சிது. இத நெனச்சா இப்பவும் கூசுது.

பேரு கூப்ட்டாங்க. போனேன். டாக்டரே போத்துனாரு, கேமரா பக்கம் பாத்துகினே போத்துனதுல சால்வை என் மூஞ்சி மேல விழுந்துச்சி. ஷீல்ட வாங்கிகினு நேரா சைக்கிள்கிட்ட போனேன். மண்டி போட்டு, அந்த சால்வையோட முனையாலயே ரிம்ம தொடைக்க ஆரம்பிச்சேன். யாருக்கும் தெரியாம முடிச்சிடலாம்னு ஒரு நப்பாசை.

டிரில் வாத்தியார் விடுவாரா? “பாருங்க, பாருங்க! போத்துன பொன்னாடையால சக்கரத்த தொடைக்கிறாரு நம்ம பாய்! இது தான் தொழில் பக்தி!” மைதானமே கை தட்டுது. போட்டோக்காரன் படுத்துகினு எடுக்கறான். டாக்டரம்மா கண்ண தொடச்சிக்கிறாங்க. நான் தொடைக்க தொடைக்க எண்ணெ இன்னும் பரவுது, ஏன்னா அந்த சால்வை நைலான். ஒரு சொட்டு குடிக்கல.

எழுந்து டாக்டர் காதுல போயி சொன்னேன். “டாக்டர், பிரேக் பிடிக்காது. நேத்து எண்ணெ போட்டுட்டேன். ஏறாதீங்க.”

அவரு பல்லக் காட்டிகினே, ஒதட்ட அசைக்காம, “அப்புறம் பாத்துக்கலாம் பாய், கேமராவ பாருங்க”ன்னாரு.

சரி, மைக்குல சொல்லிடுவோம்னு வாத்தியார் கையிலேர்ந்து மைக்க புடுங்குனேன். “நான் தப்பு பண்ணிட்டேன். எனக்கு டயர் மாட்டத் தெரியல. டாக்டர் சைக்கிளுக்கு பிரேக் இல்ல, அவர ஓட்ட வேணாம்னு சொல்லுங்க”னு சத்தமா சொன்னேன். வாத்தியார் மைக்க திருப்பி வாங்கி, “எவ்ளோ பெரிய மெக்கானிக்கு! எனக்கு ஒண்ணும் தெரியலனு சொல்றாரு! இந்த அடக்கம் யாருக்கு வரும்?”னாரு. முன்ன விட ஜாஸ்தியா கை தட்டுனாங்க. நம்ம ஊர்ல உண்மைய சொன்னா இப்படி தான் ஆவும். ஒண்ணு அடிப்பாங்க, இல்ல கும்புடுவாங்க. சொன்னது இன்னானு மட்டும் கேக்க மாட்டாங்க.

டாக்டர் ஹெல்மெட் மாட்டி சைக்கிள் மேல ஏறிட்டாரு. ஒரு கால் தரையில. கொடிய ஆட்ட கைய தூக்கிட்டாங்க. இனிமே பேசி ஆவாதுனு தெரிஞ்சிது. ஓடிப் போயி குனிஞ்சி, முன் பிரேக்க அகட்டி, முன் சக்கரத்தப் பிடிச்சிருக்கிற லிவரத் தூக்கி விட்டு, “இறங்குங்க”ன்னு ஒரு கத்து கத்திட்டு சக்கரத்த உருவி எடுத்துட்டேன். சைக்கிள் மூக்கு தரையில குத்துச்சி. டாக்டர் எலுமிச்சம்பழத்த மிதிச்சிகினு நின்னாரு. அந்த நேரம் பாத்து கொடி ஆடிடிச்சி, பின்னாடி நின்னவங்க எல்லாம் ரெண்டு பக்கமும் விலகி விர்ருனு போயிட்டாங்க. தலைவர் மட்டும் ஒத்த சக்கர சைக்கிளோட நிக்கிறாரு.

“யோவ்! பைத்தியமாய்யா உனக்கு?”

அதுவரைக்கும் அந்த மனுஷன் என்ன நீங்க, வாங்கனு தவிர வேற பேசினதில்ல. பேரணிக்குப் பின்னாடி மைக் செட்டு கட்டின ஆட்டோல ஏறி உக்காந்து தான் அவரு மலையச் சுத்துனாரு. நான் சால்வை, ஷீல்டு, சக்கரம் மூணையும் தூக்கிகினு வேங்கிக்கால்லேர்ந்து நடந்தே வந்தேன். வழியில ரெண்டு பேரு எந்தக் கோயில் பிரசாதம்னு கேட்டாங்க.

வீட்டுக்கு வந்து மெஹருன்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். கடைசியில கொஞ்சம் நெஞ்ச நிமித்தி, “ஒரு உசுர காப்பாத்திட்டேன், யாருக்கும் புரியல”ன்னேன்.

அவ அரிசி பொடைச்சிகினே கேட்டா. “எண்ணெய ஊத்துனது யாரு?”

“நான் தான்.”

“அப்ப நீங்க காப்பாத்தல. நீங்க தோண்டுன குழிய நீங்களே மூடிட்டு வந்திருக்கீங்க. போயி மூஞ்ச கழுவுங்க.”

போயி கழுவுனேன். வேற இன்னா பண்றது?

மறுநாள் பேப்பர்ல போட்டோ வந்துச்சி. டாக்டர் இல்ல அதுல, நான் தான். மண்டி போட்டு சால்வையால தொடைக்கிறேன். கீழ ‘தொழில் பக்தி’னு எழுதியிருந்தாங்க. தெருவுல எல்லாரும் அதுக்குக் கை குடுத்தாங்க. சக்கரத்த கழட்டுனதப் பத்தி, பாவம், பாய்க்கு வெயில் ஒத்துக்கலனு பேசிக்கிட்டாங்க. கவனிச்சீங்களா? நான் திருட்டுத்தனமா செஞ்ச வேலைக்கு பாராட்டு, நேர்மையா செஞ்ச வேலைக்கு பைத்தியக்காரப் பட்டம். நடக்காத ஆக்சிடென்ட்டுக்கு சாட்சி கிடையாது, தம்பிங்களா. அதுக்காக நீங்க யாரும் காத்துகினு இருக்காதீங்க.

அன்னிக்கி சாயங்காலம் டாக்டர் மீதி சைக்கிளோட வந்தாரு. மூஞ்சி உர்ருனு இருந்துச்சி. தொடைக்காம வெச்சிருந்த அந்த முன் சக்கரத்த அப்படியே மாட்டுனேன். “பக்கத்துல நின்னு ரெண்டு பிரேக்கையும் உங்க பலம் பூரா வெச்சி அழுத்திப் புடிங்க”ன்னேன். புடிச்சாரு. சீட்டுக்குப் பின்னாடி ரெண்டு வெரல வெச்சி தள்ளுனேன். சைக்கிள் கடை வாசல்ல இருந்து ரோடு வரைக்கும் வழுக்கிகினு போச்சி, அவரும் கூடவே போனாரு. ஏழுமலை டீ ஆத்துறத நிறுத்திட்டான்.

டாக்டர் திரும்பி வந்து ஸ்டூல்ல உக்காந்தாரு. ரிம்ம ஒரு வெரலால தடவிப் பாத்தாரு. “இத அங்கயே காட்டியிருக்கலாமே பாய்?”

“சொன்னேன் டாக்டர். நீங்க கேமராவ பாத்துகினு இருந்தீங்க.”

மொத தடவையா அந்த மனுஷன் பல்லு தெரியாம சிரிச்சாரு.

டயர் ரெண்டையும் கழட்டி சோப்பு போட்டு கழுவுனேன். ரிம்முக்கு டாக்டரே கிளினிக்லேர்ந்து ஸ்பிரிட்டு கொண்டாந்தாரு. எண்ணெ குடிச்ச பிரேக் கட்டைய தூக்கிப் போட்டுட்டு புதுசு போட்டேன். இப்ப திரும்பவும் டயர் மாட்டணுமே? எண்ணெ இல்லாம. அதே கடைசி ஒரு ஜாண், அதே கட்டவெரல், அதே ஏழுமலை. பத்து நிமிஷம் தள்ளிட்டு, “டாக்டர், எனக்கு வரல”ன்னு சொல்லிட்டேன். முப்பது வருஷத்துல மொத தடவை. சொன்ன பிறகு தான் தெரிஞ்சிது, ஒண்ணும் ஆவல. போர்டு கழண்டு தலையில விழல.

மெஹருன் உள்ளேர்ந்து பாத்துகினே இருந்தா. வந்து, “இன்னாங்க, தலகாணிக்கு உறை போடுறப்ப வாய்க்கிட்டயே நின்னு இழுத்தா ஏறுமா? அந்தக் கோடியில போயி உள்ள திணிச்சிட்டு வரணும். இங்க பத்தலன்னா அங்க எங்கயோ தங்கியிருக்குனு அர்த்தம்”ன்னா.

ரிம்ம பாத்தேன். நடுவுல வாய்க்கா மாதிரி ஒரு பள்ளம் சுத்திலும் ஓடுது. விளிம்பு பள்ளத்துல எறங்குனா சுத்தளவு கம்மி, தளர்வு கெடைக்கும். நான் இத்தன வருஷமா ஏறாத எடத்துலயே நின்னு மல்லு கட்டிகினு இருந்திருக்கேன். டாக்டர எதுர்ப் பக்கம் பிடிக்க சொல்லி, அங்கேர்ந்து ரெண்டு பக்கமா விளிம்ப கிள்ளிக் கிள்ளி பள்ளத்துல எறக்கினே வால்வு வரைக்கும் வந்தேன். வால்வுகிட்ட நின்ன அந்த ஒரு ஜாண் சத்தமே போடாம உள்ள போயிடிச்சி. டியூப் எங்கயும் நசுங்கி மாட்டிக்கலையானு சுத்திலும் ஒரு தடவ விரிச்சிப் பாத்துட்டு காத்து அடிச்சேன். நீங்க கேட்டு வந்தது இது தான? இதுக்கு உஸ்தாது எங்க வீட்டம்மா, ஃபீஸ குடுக்கணும்னா அங்க குடுங்க.

ஆனா நான் சொல்ல வந்தது வேற. அன்னிக்கி டாக்டர் சைக்கிள வாங்குன ஒடனே, கடைய விட்டு எறங்குறதுக்கு முன்னாடி, ரெண்டு பிரேக்கையும் புடிச்சி முன்ன பின்ன ஆட்டிப் பாத்தாரு. என் கண்ணு முன்னாடி. அடுத்த தடவ வந்தப்பவும் அப்படியே. காத்து மட்டும் அடிக்க வந்தாக் கூட புடிச்சிப் பாத்துட்டு தான் ஏறுவாரு. எனக்கு செருப்பால அடிச்ச மாதிரி இருக்கும். ஏழுமலை வேற எதுர்லேர்ந்து பாத்துகினு இருப்பான். ஒரு வார்த்த அவர நான் கேட்டதில்ல. கேக்க எனக்கு இன்னா வாய் இருக்கு? பதினோரு மாசம் இப்படியே போச்சி.

ஒரு நாள் கழண்ட செயின மாட்டிக் குடுத்தேன். போன்ல பேசிகினே வாங்குனாரு, பேசிகினே ஏறுனாரு, பிரேக்க தொட்டுக் கூடப் பாக்காம கிளம்பிட்டாரு. எதுர்ல ஏழுமலை கட்டவெரலத் தூக்கிக் காட்டுனான், பாய், உன்ன மன்னிச்சிட்டாருன்ற மாதிரி. பதினோரு மாசமா நான் எதுக்கு ஏங்கிகினு இருந்தேனோ, அது நடந்துடிச்சி.

நான் வெறுங்கால்ல ரோட்ல ஓடுனேன். பஸ்ஸு ஹாரன் அடிக்குது, கைலி தடுக்குது. ஓடிப் போயி அவரு சீட்டப் புடிச்சி இழுத்து நிறுத்தி, “என் கைய நம்பி ஏறாதீங்க, பிரேக்க புடிச்சிப் பாத்துட்டுப் போங்க டாக்டர்!”னு கத்துனேன்.